அடி வாங்கியவர் யார்?

1854ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக் கிராமங்களில் ஓர் அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் வரி வசூலுக்காகவோ குற்ற விசாரணைக்காகவோ அரசு ஊழியர் எவரேனும் உங்களை வதைத்திருந்தால், அதைச் சொல்லலாம். கேட்பதற்கு ஒரு குழு சென்னையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தந்த வட்டார மொழியிலேயே செய்தி அறிவிக்கப்பட்டது. ரயில் இல்லாத காலம். கட்டை வண்டி உள்ளவர் வண்டியிலும் இல்லாதவர் கால்நடையாகவும்தான் வர வேண்டும். ஊரை விட்டுக் கிளம்புவது தெரிந்தால் தாசில்தாரின் சேவகர்கள் என்ன செய்வார்கள் என்ற பயம் வேறு. எல்லாவற்றையும் மீறி 1,440 பேர் நேரில் வந்து நின்றார்கள். இன்னும் 519 பேர் எழுதி அனுப்பினார்கள். மொத்தம் 1,959 புகார்கள்.

தமிழ்நாட்டில் காவல்துறையின் அடியைப் பற்றி மக்கள் வாய்திறந்து பேசியது அரசுப் பதிவேட்டில் இவ்வளவு பெரிய அளவில் ஏறியது அப்போதுதான். 1855 ஏப்ரலில் முடிந்த அந்த விசாரணையின் அறிக்கையை இன்று படிப்பவருக்கு முதலில் உறைப்பது, வதையின் வகைகளுக்கு ஊரில் தனித்தனிப் பெயர்கள் இருந்தன என்பது. கிட்டி என்பது இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களையோ வேறு உறுப்புகளையோ வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்பது ஆளைக் குனிய வைத்துக் கழுத்துக்கும் காலுக்கும் கயிறு கட்டி, நிமிர முடியாதபடி வெயிலில் நிறுத்துவது. முதுகில் பாறாங்கல் ஏற்றுவார்கள். தலைமுடியைக் கழுதை வாலிலோ எருமை வாலிலோ முடிவார்கள். உணவுக்கும் இயற்கை உபாதைக்கும் போகவிடாமல் கச்சேரியில் அடைத்து வைப்பார்கள். இவையெல்லாம் வரி பாக்கிக்கு.

திருட்டு வழக்கு என்றால் இன்னும் கடுமை. கண்ணில் மிளகாய்ப்பொடி, கிணற்றில் முக்கி முக்கி எடுப்பது, கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிடுவது, பழுக்கக் காய்ச்சிய இரும்பு, தூங்கவிடாமல் வைப்பது. தொப்புளின்மேல் வண்டை வைத்துக் கட்டி அது குடைவதற்கு விட்டதும் பதிவாகியிருக்கிறது.

வரி பாக்கிக்காரரையும் திருட்டுச் சந்தேகத்துக்கு ஆளானவரையும் ஒரே ஆட்கள் வதைத்ததற்குக் காரணம் நிர்வாக அமைப்பிலேயே இருந்தது. 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி சென்னை மாகாணத்தில் காவல் பொறுப்பு கலெக்டரிடமும் அவருக்குக் கீழே தாசில்தாரிடமும் தரப்பட்டது. வரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் அவரே. மழை பொய்த்தாலும் தானிய விலை விழுந்தாலும் ரயத்துவாரித் தீர்வையை ரொக்கமாகக் கட்ட வேண்டும். மேலிடம் தாசில்தாரை நெருக்கியது. தாசில்தார் சேவகரை ஏவினார். சேவகர் சொற்பச் சம்பளக்காரர். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் குனிந்து நின்றவர் குடியானவர்.

இந்தக் குழு லண்டனின் கருணையால் வானத்திலிருந்து விழவில்லை. அதற்குப் பின்னால் சென்னை வணிகர் ஒருவரின் விடாப்பிடியான உழைப்பு இருந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டி, ‘கிரசென்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்தியவர். 1852இல் சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கியவர். கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் குறைகளை நாடாளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பியது அந்தச் சங்கம். மறு ஆண்டு டான்பி சீமோர் என்ற ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினர் சென்னை வந்தபோது, செட்டி அவரை மாவட்டங்களுக்குள் அழைத்துப் போனார். வதைபட்டவர்களை நேரில் காட்டினார். 1854 ஜூலையில் அந்த விஷயம் காமன்ஸ் சபையில் வெடித்தது. கம்பெனியின் பழைய அதிகாரிகள் பலர் எழுந்து மறுத்தார்கள். அப்படி ஒன்று நடந்து தாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். மறுப்பு எழுந்ததால்தான் விசாரணை தேவைப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் நியமிக்கப்பட்டார்கள். நார்ட்டன் வழக்கறிஞர், தென்னிந்திய நீதி நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்து ஏற்கெனவே எழுதியவர்.

வதை நடக்கிறது என்பதை மூவரும் ஐயமின்றி ஒப்புக்கொண்டார்கள். காவல் ஊழியர்கள் சமூகத்துக்கே பீடையாகவும் மக்களின் அச்சமாகவும் ஆகிவிட்டார்கள் என்று சொல்லும் அளவுக்கு அறிக்கையின் வாசகங்கள் போகின்றன. ஆனால் ஓரிடத்தில் அவர்களுடைய பேனா சறுக்குகிறது. குற்றம் முழுவதையும் சுதேசி ஊழியர்கள் தலையில் ஏற்றிவிட்டு, மேலே இருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று விடுவித்தார்கள். 1857இல் சிப்பாய்க் கிளர்ச்சியின் கொடுமைகளை லண்டன் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தபோது, கார்ல் மார்க்ஸ் இதே அறிக்கையை எடுத்து ‘நியூயார்க் டெய்லி டிரிப்யூன்’ இதழில் கட்டுரை எழுதினார். தங்கள் ஆட்சியின் பெயரால் நடந்த வதையை ஆங்கிலேயர்களே அச்சிட்டு வைத்திருக்கும்போது, கிளர்ந்தெழுந்தவர்களை மட்டும் காட்டுமிராண்டிகள் என்பது எப்படிப் பொருந்தும் என்பது அவருடைய கேள்வி.

அந்த அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. வதையைவிட அதிகமாகக் குழுவினரை வருத்தியது, அடிபட்டபின் மக்கள் போய்ச் சொல்ல இடமில்லாதது. கலெக்டரின் முகாம் எங்கோ இருக்கும். அங்கே போனாலும் மனுவை வாங்கிப் படித்துச் சொல்பவர் அதே கச்சேரியின் தலைமை எழுத்தரான சிரஸ்தார். விசாரிக்கும்படி மனு திரும்பிப் போவது, அடித்த தாசில்தாரிடமே. காயம் ஆறுவதற்குள் சாட்சி கலைந்துவிடும். பொய்ப் புகார் என்று மனுதாரரே தண்டம் கட்ட வேண்டியும் வரலாம்.

அறிக்கையின் விளைவுகள் சிறியவை அல்ல. 1859இன் 24ஆம் சட்டம் காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. சீருடையும் படிநிலையும் கொண்ட தனிக் காவல்துறை வில்லியம் ராபின்சன் தலைமையில் உருவானது. அயர்லாந்துக் காவல்படையை முன்மாதிரியாகக் கொண்ட அமைப்பு அது. 1861இல் வந்த இந்தியப் போலீஸ் சட்டத்துக்குச் சென்னை முன்னோடியாக நின்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காக ஒருவரைக் காயப்படுத்துபவருக்கு ஏழாண்டு வரை சிறை என்றது. அந்தக் குற்றத்தை விளக்கச் சட்டமே தந்த உதாரணங்களில் போலீஸ் அதிகாரியும் வரி அதிகாரியும் வருகிறார்கள். 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் பிறகு 1872இன் சாட்சியச் சட்டமும், போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது என்று வகுத்தன. அரசு தன் காவல்துறையை நம்பவில்லை என்பதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஆனால் அதே சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒரு சந்து விட்டது. கைதி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும். நகை எங்கே, கத்தி எங்கே என்று கேட்டு அடிப்பதற்கு இன்றுவரை காரணமாக நிற்பது அந்தச் சந்துதான்.

இந்தச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு நடந்த மாற்றத்தைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். 1854இல் அடி வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் நிலம் வைத்திருந்த, தீர்வை கட்டிய, ஊரில் மதிப்புள்ள குடியானவர்கள். அவர்களுக்காகப் பேசப் பத்திரிகை இருந்தது, சங்கம் இருந்தது, நாடாளுமன்ற உறுப்பினரை வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போக ஒரு செட்டியார் இருந்தார். வரிக்கான வதை மெல்ல மெல்ல மறைந்தது. வாரண்டு, ஜப்தி, ஏலம் என்று காகித வழிகள் வந்தன. அடி மட்டும் மறையவில்லை, இடம் மாறியது. இனி அது சந்தேகக் கைதிக்கும், குடிசைக்காரருக்கும், பழைய கேடி என்று பதிவான ஆளுக்கும் மட்டும் உரியதாயிற்று. மனு எழுதத் தெரிந்தவர்களின் வீட்டுக்கு அந்தச் சத்தம் கேட்காமல் போனது. அன்று தொடங்கிய பிளவு இன்னும் மூடவில்லை. பொதுமக்கள் தீர்ப்பளிப்பது பெரும்பாலும் அடியின்மீது அல்ல, அடி வாங்கியவர்மீது.

1902–03இல் ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன் நாடு முழுவதும் விசாரித்தது. காவல்துறை ஊழல் மிக்கது, ஒடுக்குவது என்றே மக்கள் பொதுவாகக் கருதுகிறார்கள் என்று அது எழுதியது. 1859இன் புதிய அமைப்புக்கு நாற்பது வயது தாண்டியிருந்த நேரம்.

அடுத்த பத்தாண்டுகளில் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் முழு வேகம் எடுத்தது. ஒரு சமூகத்தில் பிறந்ததே போதும்; கைரேகை பதிய வேண்டும், ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அந்த ஊரில் இன்று நினைவுத் தூண் நிற்கிறது. ஏப்ரல் 3 தோறும் மாலை விழுகிறது. முந்தைய ஆண்டு அதே ஏப்ரலில் நடந்த ஜாலியன்வாலா பாக்கை இந்தியா முழுவதும் அறியும். பெருங்காமநல்லூர் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தைத் தாண்டிப் பயணப்படவில்லை. அமிர்தசரஸில் இறந்தவர்களோடு ஒப்பிட எண்ணிக்கை சிறியது என்பது உண்மை. ஆனால் இறந்தவர்களுக்கு ஆட்சி முன்கூட்டியே ‘குற்றப் பரம்பரை’ என்று பெயர் சூட்டிவிட்டிருந்ததும், படித்த வர்க்கம் அந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்ததும் மற்றொரு காரணம். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகு மக்கள் போலீஸ் துப்பாக்கிக்கு எதிராக ஒட்டுமொத்தமாகத் தீர்ப்பளித்த தருணம் 1965. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சுடப்பட்டவர்கள் மாணவர்கள். எல்லாச் சாதியிலும் எல்லாத் தெருவிலும் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்த காலம் தொடங்கியிருந்தது. சுட்டுக் கொல்லப்பட்டவனில் ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையைக் கண்டது. கூட்டத்தின் வெறியும் கொடியதாக இருந்தது. திருப்பூரில் இரண்டு போலீஸ் சப் இன்ஸ்பெக்டர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த இரு மரணங்கள் மக்கள் நினைவில் தங்கவில்லை, மாணவர்களின் மரணங்கள் தங்கின. 1967 தேர்தலில் காங்கிரஸ் வீழ்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அரிசி ஒன்று, இந்தத் துப்பாக்கிச் சூடுகள் இன்னொன்று.

1965இல் கிடைத்த ஒருமித்த கோபம், 1992இல் வாச்சாத்திக்குக் கிடைக்கவில்லை. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம், மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர். ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டைத் தேடுதல் என்று ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றில் எண்ணெயைக் கொட்டினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அரசு மறுத்தது. வீரப்பன் காலம் அது. ‘சந்தனக் கடத்தல்காரர்கள்’ என்ற ஒரு சொல், வெளியூர்க்காரர்களின் காதை அடைக்கப் போதுமானதாக இருந்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் வழக்காடின. விசாரணை சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. தீர்ப்பு வருவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. பழங்குடிப் பெண்களின் வாய்ச்சொல்லை நம்ப இந்த நாட்டுக்குப் பத்தொன்பது ஆண்டுகளும், அந்த நம்பிக்கையை உறுதிசெய்ய மேலும் பன்னிரண்டு ஆண்டுகளும் ஆயின.

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக ஊர்வலம் போனவர்கள்மீது தடியடி நடந்தது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு, ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம் பெருமளவுக்குக் காவல்துறையின் பக்கம் நின்றது. தலித் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆண்டுதோறும் ஆற்றங்கரைக்கு வந்து மலர் தூவுகிறார்கள். ஒரே ஊரில் இரண்டு தீர்ப்புகள் வாழ்கின்றன.

அடியை எதிர்ப்பது ஒரு மரபு என்றால், அதைக் கொண்டாடுவது இன்னொரு மரபு. அதையும் நேராகப் பார்க்கத்தான் வேண்டும்.

2010 அக்டோபர் இறுதியில் கோவையில் பள்ளிக்குக் கிளம்பிய அக்காளும் தம்பியும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். நகரமே உடைந்துபோனது. கைதான இருவரில் ஒருவர் நவம்பர் 9 அதிகாலையில் போலீஸ் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். தப்ப முயன்று சுட்டார், திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. ஊரில் வெடி வெடித்தார்கள், இனிப்பு வழங்கினார்கள். அந்தக் குழந்தைகளை நினைத்து அழுதவர்கள்தான் வெடியும் வெடித்தவர்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. வழக்கு பல ஆண்டு இழுக்கும், சாட்சி பிறழும், ஜாமீனில் வெளியே வருவான் என்று அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். ஆனால் அந்த வழக்கின் இரண்டாவது ஆள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். விசாரணை நடந்தது, மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரே குற்றத்தில் ஒருவருக்கு நீதிமன்றத்தால் முடிந்தது இன்னொருவருக்கு ஏன் முடிந்திருக்காது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அதே 2019 டிசம்பரில் ஐதராபாத்தில் ஒரு பெண் மருத்துவரின் கொலையில் கைதான நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மக்கள் போலீஸார்மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அந்த என்கவுன்டரைப் பற்றிப் போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல என்று 2022இல் அறிக்கை தந்தது. பூத்தூவிய காணொலி கோடிப் பேரைச் சேர்ந்தது. அறிக்கையைப் படித்தவர்கள் சட்டம் தெரிந்த சிலர்.

தமிழ்ச் சினிமா இரண்டு மரபுகளையும் ஏந்தி வந்திருக்கிறது. 2003இல் வந்த ‘சாமி’யும் ‘காக்க காக்க’வும் சட்டத்தின் வேகம் போதாது என்று துப்பாக்கி எடுக்கும் அதிகாரியை நாயகனாக்கின, அரங்கம் எழுந்து விசிலடித்தது. 2016இல் ‘விசாரணை’ வந்தது. கோவையின் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1980களில் குண்டூரில் தான் அனுபவித்த லாக்கப் கொடுமையை ‘லாக்கப்’ என்று எழுதியிருந்தார். வெற்றிமாறன் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1855 குழுவின் விசாரணை எல்லைக்குள் அடங்கிய அதே குண்டூர். 2021இல் ‘ஜெய் பீம்’. 1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு காவல் மரணத்தையும், அதற்காக வழக்காடிய வழக்கறிஞர் சந்துருவையும் வைத்து எடுக்கப்பட்ட படம். அதைப் பார்த்து அழாதவர் குறைவு. ‘சாமி’க்கு விசிலடித்தவரும் ‘ஜெய் பீம்’ பார்த்து அழுதவரும் பெரும்பாலும் ஒரே ஆள். இது பாசாங்கல்ல. அடிபடுபவர் அப்பாவி என்று திரைக்கதை முதலிலேயே காட்டிவிட்டால் மனம் இளகுகிறது. ரவுடி என்று காட்டிவிட்டால் இறுகுகிறது. நிஜ லாக்கப்பில் யார் எவர் என்று முன்கூட்டிக் காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

கடந்த சில ஆண்டுகளில் பரவிய ‘மாவுக்கட்டு’ப் படங்களை இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். கைதான இளைஞன் கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று விளக்கம் வரும். விளக்கம் சொல்பவரும் நம்பவில்லை, கேட்பவரும் நம்பவில்லை. இருந்தும் படம் ஆயிரக்கணக்கில் பகிரப்படுகிறது. “முட்டிக்கு முட்டி தட்டணும்” என்பது டீக்கடை வரைக்கும் சாதாரணப் பேச்சு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் காவல் நிலையக் கழிப்பறைகளில் வழுக்கி விழுவது எப்படி என்று உயர் நீதிமன்றமே கேட்டிருக்கிறது. 330ஆம் பிரிவு ஏழாண்டுச் சிறைக்குரிய குற்றம் என்று எழுதி வைத்ததை, சமூகம் கேலிப்படமாக ரசிக்கப் பழகியிருக்கிறது.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்தது. வீதிக்கு வந்தவர்களை லத்தியால் விளாசும் காணொலிகள் கைபேசிகளில் சுற்றின. பின்னணிப் பாட்டு சேர்த்து அனுப்பினார்கள். “இப்படி அடிச்சாத்தான் அடங்குவாங்க” என்று வீட்டுக்குள் பத்திரமாக இருந்தவர்கள் சொன்னார்கள். அடி வாங்கியவர்களில் மருந்து வாங்கப் போனவரும் கூலி வேலைக்குப் போனவரும் இருந்திருக்கலாம் என்பது யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, கைபேசிக் கடை நடத்திய ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இரவு முழுதும் அடித்தார்கள். அடுத்த நாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி காலை தந்தை. தமிழகம் கொதித்தது. வணிகர்கள் கடையடைத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டையே நிலையத்தில் இருந்தவர்கள் அவமதித்தார்கள். தடயத்தைக் காப்பாற்ற, காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்கும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சிசிடிவி பதிவு அன்றன்று அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது.

வழக்கை நிமிர்த்தி நிறுத்தியவர் அதே நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி. இரவெல்லாம் அடித்ததையும், லத்திகளிலும் மேஜையிலும் ரத்தம் இருந்ததையும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். வெளியே சக போலீஸார் நின்றுகொண்டிருக்க, அஞ்சியபடியே சொன்னார். தமிழ்நாட்டுக் காவல்துறையின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான வாக்குமூலம் அரிது.

அதே சாத்தான்குளம் நிலையத்தாரால் சில வாரங்களுக்கு முன் பிடித்துச் செல்லப்பட்ட ஓர் இளைஞர் அடிபட்டுப் பிறகு இறந்தார் என்று அவருடைய குடும்பம் புகார் சொன்னது. ஒரு கொலை வழக்கில் தேடப்பட்டவரின் தம்பி அவர். தந்தையும் மகனும் இறந்த பிறகுதான் அந்தப் புகார் ஊராரின் காதில் விழுந்தது. கடை வைத்திருப்பவர், வரி கட்டுபவர், ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போகும் குடும்பத்தார் அடிபட்டால் கதவைத் திறக்கிற சமூகம், மற்றவர் அடிபடும்போது “சும்மாவா அடிப்பாங்க?” என்று கேட்கிறது. 1854இல் தீர்வை கட்டியவர்களுக்குக் கிடைத்த காது, 2020இல் கடைக்காரருக்குக் கிடைத்தது.

காட்சி கைக்குக் கிடைத்தால் இந்த வழக்கம் ஓரளவு உடைகிறது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாளிலும் மறுநாளும் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். சாதாரண உடையில் வேன்மேல் ஏறி நின்று குறிபார்த்த போலீஸ்காரரின் காட்சியை உலகமே கண்டது. கூட்டம் கலவரக் கூட்டமா என்ற வாதத்தை அந்தக் காட்சி அடக்கியது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், காவல்துறை வரம்பு மீறியது என்று கண்டறிந்து 17 போலீஸார்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் தற்காலிகக் காவலாளி ஒருவர், பக்தர் ஒருவரின் நகை காணாமல் போன புகாரில் விசாரிக்கப்பட்டு இறந்தார். கோயிலின் பின்புறம் அவரை அடித்ததை ஒருவர் மறைந்திருந்து கைபேசியில் எடுத்திருந்தார். உடலில் 44 காயங்கள். ஐந்து போலீஸார் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது, முதலமைச்சர் குடும்பத்தாரிடம் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார். நகை எங்கே என்று கேட்டு அடிக்கும் பழைய வழக்கம்தான் அங்கேயும்.

புகார் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பதை 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையாகவே பிறப்பித்தது. காவல்துறைமீதான புகார்களை விசாரிக்க, மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையிலும், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலும் தனி ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் தன் காவல் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. அதன்படி மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் காவல்துறைத் தலைவரும் கூடுதல் தலைவரும். மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். கூட இருப்பவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். அடிபட்டவர் இன்று மனு எடுத்துக்கொண்டு போனால், எந்தக் காவலர்மீது புகாரோ அவருடைய மேலதிகாரி அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தொடுத்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி.